டிகோடரை இன்ஜின் மாற்றிப் பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மதுரையில் மாதிரி ரயில் வைத்திருப்போர் மிகச் சிலரே. தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து இன்ஜினின் மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சிறு பலகையே டிகோடர். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்துகொள்வதால், ஓடாமல் கிடக்கும் இன்ஜினிலிருந்து ஒன்றைக் கழற்றி வேறொரு இன்ஜினில் போடுவதும், நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பிளக் சாக்கெட்டுக்குள் சரியாக இறங்கிவிட்டது என்பதனாலேயே டிகோடரும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று முடிவுகட்ட முடியாது. பின்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தினால் பிளக் இறங்கிவிடும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும், விளக்கு எத்தனை வோல்ட் தாங்கும், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பவற்றை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை 16.5 மி.மீ. தண்டவாளத்தில், இரு தண்டவாள முறையில், டிசிசி (தண்டவாளம் வழியே ஒவ்வொரு டிகோடருக்கும் எண்முறைக் கட்டளை அனுப்பும் முறை) கட்டுப்பாட்டில் ஓடும் எச்ஓ (HO) அளவு இன்ஜின்களை மனத்தில் கொண்டவை. அளவு சிறிய ‘என்’ (N) வகைக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும். நடுவே மூன்றாவது தொடுமுனை உள்ள மார்க்லின் வகைக்குச் சக்கரங்களின் இணைப்பே வேறு என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிகோடர் பழுதா, இன்ஜின் பழுதா என்று தெரியாதபோது, சந்தேகப்படும் டிகோடரை நன்றாக ஓடும் இன்ஜினில் போட்டுச் சோதிக்கலாம். சந்தேகப்படும் இன்ஜினில் நல்ல டிகோடரைப் போட்டு ஒருபோதும் சோதிக்கக் கூடாது. பழுதான டிகோடர் நல்ல இன்ஜினைக் கெடுப்பது அரிது. இன்ஜினுக்குள் இருக்கும் இணைப்புப் பிழையோ, தன்னிடம் வரும் ஒவ்வொரு டிகோடரையும் எரித்துக்கொண்டே இருக்கும். “அண்ணே, அந்த இன்ஜின்ல நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இதுல போட்டதும் போச்சு” என்று ஒருவர் டிகோடரை நீட்டும்போது, அந்த டிகோடரை விட அவர் கொண்டுவராத இன்ஜினைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருத்துவதற்கு முன் மல்டிமீட்டரால் செய்ய வேண்டியது

டிகோடரைக் கழற்றி வைத்துவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து, மோட்டாரின் இரு முனைகளில் ஒன்றில் ஒரு கம்பியைத் தொட வேண்டும். மறு கம்பியால் இடப்புறச் சக்கரங்கள், வலப்புறச் சக்கரங்கள், உலோக அடிச்சட்டம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரின் மற்ற முனையிலும் இதையே செய்ய வேண்டும். எங்கும் ஒலி வரக் கூடாது. மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே மட்டும் சில பத்து ஓம் அளவில் மின்தடை காட்டுவது இயல்பு. கெபாசிட்டர் இருக்கும் பலகையானால் தொட்டவுடன் ஒரு சிறு பீப் கேட்டு நின்றுவிடலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, தொடர்ந்து ஒலித்தால்தான் கவலை.

இந்தச் சோதனையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாதாரண டிசி முறையில் தண்டவாளத்து மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போகிறது. ஆகவே மோட்டாரின் ஒரு பிரஷ் அடிச்சட்டத்தோடு ஒட்டியிருந்தால் அங்கே அது குறையே அல்ல, வயர் மிச்சம். டிசிசியில் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் இடையே டிகோடர் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாருக்குப் போகும் அதன் வெளியீடு அடிச்சட்டம் வழியாகத் தண்டவாளத்தைத் தொட்டுவிட்டால், உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடிக்குள் போய்விடும்.

பழைய அமெரிக்க இன்ஜின்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, நம் ஊர் ஆல்கோ டீசல் போல வண்ணம் பூசி ஓட்டுவோர் பலர். அவ்வகையில் அடிக்கடி கைக்கு வரும் பழைய ஏதர்ன் நிறுவன இன்ஜின் ஒன்றின் மேல்கூட்டைக் கழற்றினால், மோட்டாரின் மேற்புறத்தில் நீளமான ஓர் உலோகப் பட்டை தெரியும். அதை எடுத்துவிட்டாலே வேலை முடிந்தது போலத் தோன்றும். மோட்டாரை அடிச்சட்டத்திலிருந்து தூக்கிப் பார்த்தால்தான், கீழ்ப்புற பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் செம்பு நிறக் கிளிப்பில் இரண்டு சிறு நாக்குகள் கீழ்நோக்கி வளைந்து அடிச்சட்டத்தை அழுத்திக்கொண்டிருப்பது தெரிய வரும். அந்த நாக்குகளைத் தட்டையாக்கி அல்லது வெட்டி, கிளிப்பில் டிகோடரின் சாம்பல் நிற வயரைப் பற்றவைத்து, மோட்டாரின் அடியில் கேப்டன் (Kapton) டேப் எனப்படும் வெப்பம் தாங்கும் காப்பு நாடாவை இரண்டு அடுக்காக ஒட்டி, மறுபடியும் மல்டிமீட்டரால் சோதித்த பிறகே டிகோடரை நெருங்க வேண்டும். ‘என்’ வகை இன்ஜின்களிலும் சில நீராவி இன்ஜின்களிலும் அடிச்சட்டமே இரண்டு பாதியாகப் பிளந்து, ஒரு பாதி ஒரு தண்டவாளத்துக்கும் மறுபாதி மற்றதற்கும் மின்வழியாக இருக்கும். அவற்றில் இரு பாதிகளையும் பிணைக்கும் திருகுகளில் பிளாஸ்டிக் உறைகள் இருப்பது அழகுக்காக அல்ல. தொலைந்துபோன திருகுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த உலோகத் திருகை முறுக்கினால் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும்.

அறிகுறி: தண்டவாளத்தில் வைத்ததும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது

கட்டுப்பாட்டுக் கருவி தன்னைத்தானே துண்டித்துக்கொண்டால், இன்ஜினை உடனே எடுத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் வைத்துப் பார்ப்பதால் தெளிவு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. டிகோடரைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் வைத்தாலும் துண்டிக்கப்படுகிறது என்றால், குற்றவாளி டிகோடர் அல்ல. தவறான பக்கம் திருப்பிப் போடப்பட்ட சக்கர அச்சு, உலோகக் கூட்டில் உரசும் வயர், நசுங்கிய காப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். டிகோடர் இருக்கும்போது மட்டும் துண்டிக்கப்பட்டால், டிகோடரின் அடிப்புறம் அடிச்சட்டத்தைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் இன்ஜினில் விசாலமாக உட்கார்ந்திருந்த டிகோடர் மற்றொன்றில் உலோக எடைக்கட்டியின் மேல் அழுந்திக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

கருகிய வாடை வந்திருந்தால் அந்த டிகோடரை மறந்துவிட வேண்டியதுதான்.

அறிகுறி: இன்ஜின் ஓடுகிறது, ஆனால் திசை தலைகீழ், விளக்குகளும் எரியவில்லை

இரண்டும் சேர்ந்து வந்தால், எட்டுப் பின் பிளக் திரும்பிச் செருகப்பட்டிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். என்இஎம் 652 என்ற தரத்தின்படி 1-ஆம் பின் ஆரஞ்சு, 5-ஆம் பின் சாம்பல், இவ்விரண்டும் மோட்டாருக்கு. 4-ஆம் பின் கறுப்பும் 8-ஆம் பின் சிவப்பும் தண்டவாளத்துக்கு. 2 மஞ்சள், 6 வெள்ளை என்பவை பின்விளக்கும் முன்விளக்கும். 7-ஆம் பின் நீலம், விளக்குகள் அனைத்துக்கும் பொதுவான நேர்முனை. 3-ஆம் பின் பச்சை, கூடுதல் வெளியீடு. பிளக்கைத் திருப்பிச் செருகினால் 1-உம் 5-உம் இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். 4-உம் 8-உம் மாறுவதால் டிசிசியில் எந்தப் பாதிப்பும் இல்லை. 7-உம் 3-உம் மாறுவதால் விளக்குகளுக்குப் பொது முனை கிடைக்காமல் போகும். தவறிச் செருகினாலும் தீங்கு வராதபடி சிந்தித்து வைத்திருக்கிறார்கள். கழற்றிச் சரியாகச் செருகினால் போதும்; சாக்கெட்டின் அருகே 1 என்ற எண்ணோ, ஒரு சிறு புள்ளியோ அச்சிடப்பட்டிருக்கும்.

திசை மட்டும் தலைகீழ், விளக்குகள் சரி என்றால், மோட்டாரின் இரு வயர்கள் இன்ஜினுக்குள்ளேயே மாறியிருக்கின்றன. விளக்குகளும் திசையும் சேர்ந்தே தலைகீழாக, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்து இருந்தால், முந்தைய இன்ஜினின் அமைப்பு டிகோடரில் தங்கியிருக்கிறது. டிகோடரின் நினைவில் எழுதி வைக்கும் அமைப்பு எண்களைச் சிவி என்பார்கள்; அவற்றுள் சிவி 29 பல அமைப்புகளின் மதிப்புகளைக் கூட்டி வைத்தது. அதில் 1 கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து அதைக் கழித்துவிட வேண்டும்.

வயரை நேரே பற்றவைத்த டிகோடரில் நிறங்களை நம்பலாம் என்றாலும், அது டிகோடரின் பக்கத்தில் மட்டுமே. இன்ஜினின் பக்கத்தில் முன்னாள் உரிமையாளர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார். சிவப்பு வயர் கறுப்பாகவும், ஆரஞ்சு வயர் சிவப்பாகவும் இருந்த இன்ஜின்கள் உண்டு. நிறத்தை விட்டுவிட்டு, சக்கரத்திலிருந்து மல்டிமீட்டரால் ஒவ்வொரு வயரையும் பின்தொடர்வதே சரி.

அறிகுறி: 21 பின் டிகோடரில் சில விளக்குகள் மட்டும் எரியவில்லை, அல்லது அணைய மறுக்கின்றன

இது நுட்பமான பொருத்தமின்மை. பிளக் சரி, டிகோடர் சரி, இன்ஜினும் சரி, ஆனால் மூன்றும் சேர்ந்தால் தவறு. 21 பின் இணைப்பில் முன்விளக்கு, பின்விளக்கு, முதல் இரண்டு கூடுதல் வெளியீடுகள் ஆகியவை எல்லா டிகோடரிலும் வலுவான வெளியீடுகள். மூன்றாவது, நான்காவது கூடுதல் வெளியீடுகளில்தான் சிக்கல். சில டிகோடர்களில் அவை வெறும் சமிக்ஞை அளவு மின்னழுத்தத்தையே தரும். அதைப் பெருக்கி விளக்குக்கு அனுப்பும் டிரான்சிஸ்டர் இன்ஜினின் பலகையில் இருக்க வேண்டும். வேறு சில டிகோடர்களில் அவையும் வலுவான வெளியீடுகளாகவே இருக்கும். இன்ஜினின் பலகையில் டிரான்சிஸ்டர் தேவையில்லை. ஈஎஸ்யூ போன்ற நிறுவனங்கள் 21 பின் டிகோடரையே இரண்டு வகையாக விற்பதற்கு இதுவே காரணம்.

சமிக்ஞை மட்டும் தரும் டிகோடரை, டிரான்சிஸ்டர் இல்லாத பலகையில் செருகினால் ஓட்டுநர் அறை விளக்கு எரியாது, அல்லது அந்த வெளியீட்டின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழும். வலுவான வெளியீட்டை, டிரான்சிஸ்டர் உள்ள பலகைக்குக் கொடுத்தால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டோ, தலைகீழாக வேலை செய்துகொண்டோ இருக்கும். அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் முதல் வகைக் கோளாறு தீராது. டிகோடரின் முழுப் பெயரையும் வகைக் குறியையும் எழுதி வைத்துக்கொண்டு, இன்ஜினின் கையேட்டில் எந்த வகையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுவது ஒன்றே வழி.

இவ்விணைப்பில் 11-ஆம் பின் வேண்டுமென்றே இல்லாமல் விடப்பட்டிருக்கிறது. திசை தவறிச் செருகாமல் இருப்பதற்கான அடையாளம் அது. பிளக்ஸ் 22 இணைப்பிலும் அப்படியே. பிளக்ஸ் 16 டிகோடர் பிளக்ஸ் 22 சாக்கெட்டில் பொருந்தும், கூடுதல் வெளியீடுகள் சில கிடைக்காது, அவ்வளவே. சிறு இன்ஜின்களில் வரும் நெக்ஸ்ட் 18 வகையில், ஒலியுள்ளதற்கும் ஒலியில்லாததற்கும் சில பின்களின் பயன் வேறுபடும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அறிகுறி: விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது

இது திரும்பிவராத இழப்பு. பழைய இன்ஜின்களில் 1.5 வோல்ட் சிறு பல்புகள் இருக்கும். பழைய பலகையில் உள்ள டயோடுகள் அவற்றுக்கு ஏறத்தாழ அந்த அளவு மின்னழுத்தத்தையே கொடுத்து வந்திருக்கும். பலகையை எடுத்துவிட்டு, டிகோடரின் வெள்ளை வயரையும் நீல வயரையும் பல்பில் நேரே இணைத்தால், அதற்கு 14 வோல்ட் அளவில் கிடைக்கும். எல்இடிக்கும் அதே கதிதான். சில மாற்றுப் பலகை டிகோடர்களில் எல்இடிக்கு வேண்டிய ரெசிஸ்டர் பலகையிலேயே இருக்கும். வயர் வகை டிகோடர்களில் பெரும்பாலும் இருக்காது. முன்னதைக் கழற்றிப் பின்னதைப் பொருத்துவோர் ரெசிஸ்டரை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு எளியது. 14 வோல்ட்டிலிருந்து வெள்ளை எல்இடிக்கான 3 வோல்ட்டைக் கழித்தால் 11; 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 11 மில்லி ஆம்பியர். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று கோடுகளைக் கொண்ட கால் வாட் ரெசிஸ்டர் டவுன் ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பத்தாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எல்இடியின் நீண்ட கால் நீல வயருக்கு. திருப்பி இணைத்தால் எரியாது. ஒளி கண்ணைக் குத்தினால் 2.2 கிலோ ஓம் வரை கூட்டலாம். நம் இன்ஜின்களின் முகப்பு விளக்குக்கு மங்கலான மஞ்சள் ஒளியே பொருத்தமாகவும் இருக்கும்.

இன்னொரு மறைமுக ஆபத்து, பல்பின் ஒரு முனை அடிச்சட்டத்தோடு இணைந்திருப்பது. அப்படியிருக்கும்போது நீல வயரை அங்கே இணைத்தால், டிகோடரின் நேர்முனை தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும். மோட்டாருக்குச் செய்த அதே மல்டிமீட்டர் சோதனையைப் பல்பின் இரு முனைகளுக்கும் செய்துவிட வேண்டும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் வயரைத் தேட வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவி 28 படிகளில் வேகத்தை அனுப்புகிறது, டிகோடர் 14 படிகளில் எதிர்பார்க்கிறது. முந்தைய உரிமையாளரின் பழைய கருவிக்காக அப்படி அமைத்திருப்பார்கள். சிவி 29-இல் 2 சேர்த்தால் தீர்ந்துவிடும்.

அறிகுறி: சிறிது நேரம் நன்றாக ஓடி, நின்று, தானாகவே மறுபடி புறப்படுகிறது

டிகோடர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் ரயில் ஓட்டுவோருக்கு இது பழகிய அறிகுறி. வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது அந்த அறைக்குள் அதற்கும் மேல். இன்ஜினின் மூடிய கூட்டுக்குள் இன்னும் கூடுதல். குளிர்நாட்டில் ஓட்டிப் பார்த்துக் குறிக்கப்பட்ட 1 ஆம்பியர் என்ற அளவை இங்கே முழுமையாக நம்பிவிட முடியாது என்பது என் கருத்து. முக்கால் பங்கை வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மோட்டாரின் தேவையை அளந்துவிடலாம். இன்ஜினை டிசி நிலைக்கு மாற்றி, 12 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணைத்து, சக்கரம் சுழலாதபடி விரலால் ஓரிரு நொடி மட்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது காட்டும் அளவே மோட்டார் திணறும்போது இழுக்கும் உச்ச மின்சாரம். 12 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் என்றால் 15 வோல்ட்டில் ஏறத்தாழ 1.1 ஆம்பியர். புதிய இன்ஜின்களில் இது அரை ஆம்பியருக்கும் கீழே இருப்பது சாதாரணம். பழைய திறந்த வகை மோட்டார்கள் ஓர் ஆம்பியரை எளிதில் தாண்டும். ‘என்’ வகைக்கான சின்ன டிகோடரை இடம் போதுகிறது என்பதற்காக எச்ஓ இன்ஜினில் வைப்பவர்களும், பழைய மோட்டாரில் புதிய டிகோடரை வைப்பவர்களும் இந்த அளவீட்டைத் தவிர்க்கவே கூடாது.

நேர்மாறான நிலையும் உண்டு. மதுரை–போடி பாதை 2010 வரை மீட்டர் கேஜாக ஓடியதை நினைவில் வைத்து, எச்ஓ அளவில் அந்த இன்ஜினை உருவாக்க விரும்புவோர் 12 மி.மீ. தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு, அதே 12 மி.மீ. அகலத்தில் ஓடும் டிடி அளவு இன்ஜினின் அடிச்சட்டத்தின் மேல் கூட்டைப் பொருத்துகிறார்கள். கூடு பெரிது, உள்ளே மோட்டார் சிறிது. அங்கே மின்சாரம் தாராளம். ஆனால் எடை கூடிய கூட்டை இழுக்கும் மோட்டார்தான் சூடாகும். டிகோடரைக் குறைசொல்வதில் பயனில்லை.

டிகோடரை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் முழுவதும் மூடுவதை நான் ஏற்பதில்லை. தொடக்கூடிய பக்கத்தில் மட்டும் கேப்டன் டேப் ஒட்டி, மற்ற பக்கத்தைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். புகை உண்டாக்கும் கருவி இணைத்திருந்தால் அது எவ்வளவு இழுக்கிறது என்பதையும் தனியே அளக்க வேண்டும். பல டிகோடர்களின் விளக்கு வெளியீடு அதைத் தாங்காது.

அறிகுறி: குறைந்த வேகத்தில் உதறுகிறது, அல்லது உறுமுகிறது

மோட்டாரின் சுழற்சியைத் தானே அளந்து வேகத்தைச் சீராக்கும் திறன் டிகோடருக்கு உண்டு. மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தி, மோட்டார் திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்கும் முறை அது. டிசி காலத்து இன்ஜினில் வானொலி இரைச்சலைத் தடுக்க மோட்டாரின் குறுக்கே வைத்த கெபாசிட்டர் அந்த அளவீட்டைக் குழப்பிவிடும். அதை வெட்டி எடுத்தால் பல இன்ஜின்களில் உதறல் அப்போதே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால், முந்தைய மோட்டாருக்காகச் சீரமைத்த எண்கள் டிகோடரில் இருக்கின்றன. ஈஎஸ்யூவின் அண்மைக்கால டிகோடர்களில் சிவி 54-இல் 0 எழுதி, நீண்ட நேரான பாதையில் வைத்து, எஃப்1 பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஒரு பாய்ச்சல் பாய்ந்து தன் எண்களைத் தானே கண்டுகொள்ளும். பாதையின் முடிவில் கையை வைத்துக்கொள்வது நல்லது.

கோர் (நடுவே இரும்பு உள்ளகம்) இல்லாத மெல்லிய சுருள் மோட்டார் உள்ள இன்ஜினில் மிகப் பழைய டிகோடரைப் போட்டால் உறுமலோடு சூடும் வரும். பழையவை மோட்டாரைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் தட்டித் தட்டி ஓட்டும். இவ்வகை மோட்டார் அதைத் தாங்காது. இதற்குச் சீரமைப்பு இல்லை, வேறு டிகோடர்தான்.

அறிகுறி: டிகோடர் உயிரோடு இருக்கிறது, கட்டளைக்குப் பணியவில்லை

கழற்றிய டிகோடர் தன் பழைய எண்ணையும் பழைய குணங்களையும் சுமந்துகொண்டே வருகிறது என்பதை மறந்துவிடுவதே இவ்வகைக் கோளாறுகளின் வேர். எண் 3-இல் அழைத்தால் இரண்டு இன்ஜின்கள் சேர்ந்து புறப்படுவது இதன் எளிய வடிவம். சற்றுக் குழப்பமானது, விளக்கு தன் எண்ணுக்குப் பணிகிறது, ஆனால் வேகத்துக்கு அசைவே இல்லை என்பது. அந்த டிகோடர் முன்பு இரட்டை இன்ஜின் இணைப்பில் ஓடியிருக்கும். இணைப்பின் எண் சிவி 19-இல் தங்கியிருக்கிறது. அங்கே 0 எழுதினால் விடுதலை. மிக மெதுவாகவே ஓடுகிறது என்றால் உச்ச வேகத்தைக் குறிக்கும் சிவி 5-ஐயோ, சிவி 29-இல் 16 சேர்ந்திருப்பதால் நடைமுறையில் உள்ள வேக அட்டவணையையோ பார்க்க வேண்டும்.

மின்சாரம் வந்ததும் யாரும் அழைக்காமலே இன்ஜின் முழு வேகத்தில் பாய்வது இவற்றுள் ஆபத்தானது. நம் வீடுகளில் மின்தடை வந்து இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் இது நடப்பதுண்டு. டிசியிலும் ஓடலாம் என்ற அனுமதி டிகோடரில் இருந்தால், டிசிசி சமிக்ஞை தெளிவாகக் கிடைக்காத கணத்தில் தண்டவாளத்தில் இருப்பதை டிசி என்று அது எடுத்துக்கொள்கிறது. சிவி 29-இலிருந்து 4-ஐக் கழித்தால் அந்த அனுமதி நீங்கும். வழக்கமான 6 என்பது 2 ஆகும், நான்கு இலக்க எண் வைத்திருப்போருக்கு 38 என்பது 34 ஆகும். மேசையின் ஓரத்தில் பாதை போட்டிருப்போர் இதை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

ஒவ்வொன்றாகத் தேடுவதை விட, கைமாறி வந்த டிகோடரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவதே நான் பரிந்துரைப்பது. பலவற்றில் சிவி 8-இல் 8 எழுதினால் போதும். சிலவற்றில் சிவி 30-இல் 2. அதற்கு முன் சிவி 8-ஐப் படித்துத் தயாரிப்பாளரை அறிந்துகொள்ளலாம்: 151 என்றால் ஈஎஸ்யூ, 145 என்றால் சிமோ, 129 என்றால் டிஜிட்ராக்ஸ், 99 என்றால் லென்ஸ். சிவி 15, 16 வழியாகப் பூட்டப்பட்ட டிகோடர் எதையும் ஏற்காது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் திறக்கும்.

அறிகுறி: எண்களைப் படிக்க முடியவில்லை

சிவி எண்களைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் புரோகிராமிங் பாதையில் டிகோடருக்குப் பேசத் தெரிந்தது ஒரே ஒரு சொல். மோட்டாரை 6 மில்லி நொடி அளவுக்குத் தட்டி, மின்சாரத்தைக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் உயர்த்திக் காட்டுவதே அதன் ‘ஆம்’. மோட்டார் இணைக்கப்படாமல் மேசையில் வைத்துச் சோதிக்கும் டிகோடரோ, மிகக் குறைவாக இழுக்கும் மோட்டாரோ அந்த அடையாளத்தைக் காட்டாது. தண்டவாளத்து மின்சாரம் கணநேரம் விட்டுப்போவதைச் சமாளிக்கும் பெரிய கெபாசிட்டரும் இந்த அடையாளத்தை விழுங்கிவிடும். அதைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் படிக்க வேண்டும். சக்கரத்தில் படிந்த கரியும் இதே விளைவைத் தரும் என்பதால், முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்துவிடுவது உழைப்பை மிச்சப்படுத்தும்.

அந்தப் பெரிய கெபாசிட்டர் தனியாகவே ஓர் எச்சரிக்கைக்கு உரியது. ஒரு நிறுவனத்தின் தொகுப்பில் இரண்டு வயர், மற்றொன்றில் மூன்று. மூன்றாவது வயர் டிகோடரின் கட்டளைக்குக் கட்டுப்படுவது. ஒன்றின் தொகுப்பை மற்றொன்றின் டிகோடரில் இணைக்கும் முன் இரு கையேடுகளையும் பார்த்தாக வேண்டும். தனியாக வாங்கிச் சேர்ப்போர் 25 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரையே கேட்டு வாங்க வேண்டும். முனைகள் மாறினால் அது வெடிக்கும்.

அறிகுறி: ஒலி கரகரக்கிறது, அல்லது நின்றுவிட்டது

ஸ்பீக்கரை அதன் இன்ஜினிலேயே விட்டுவிட்டு டிகோடரை மட்டும் மாற்றுவோர் கவனிக்க வேண்டியது ஓம் அளவு. ஈஎஸ்யூவின் பழைய லோக்சவுண்ட் 3.5 வகைக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும். இப்போதைய ஒலி டிகோடர்கள் பெரும்பாலும் 4 அல்லது 8 ஓமுக்கு உரியவை. பழைய வகையில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஒலிபெருக்கும் பகுதி எரிந்துவிடும். புதியதில் 100 ஓம் இருந்தால் கேடில்லை, ஒலி மட்டும் முனகலாகக் கேட்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 4, தொடராகப் போட்டால் 16. மீனாட்சி பஜாரில் கிடைக்கும் செல்போன் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8 ஓம் அளவிலானவை, நன்றாகவே ஒலிக்கும். பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியாக மூடாவிட்டால் மட்டும் ஒலி எழும்பாது.

கழற்றப்பட்ட இன்ஜினும் பழைய பவர் பேக்கும்

டிகோடரை இழந்த எட்டுப் பின் இன்ஜினை டிசியில் ஓட்ட விரும்பினால், 1-ஐ 8-உடனும், 4-ஐ 5-உடனும் இணைக்கும் வெற்று பிளக் ஒன்றைச் செருக வேண்டும். அப்படி வெற்று பிளக் உள்ள இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைக்கக் கூடாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போய், ஓடாமலே அது ரீங்கரித்துச் சூடாகும். கோர் இல்லாத மோட்டாரானால் விரைவிலேயே சுருள் கருகும். அமெரிக்காவிலிருந்து இன்ஜினோடு சேர்ந்து வந்த பவர் பேக்கின் அடியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகக் கூடாது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட அடாப்டரானால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் இணைப்பு ஒன்றே போதும்.